இருபது முகப் பகடையும் தீவட்டிக்காரியும்

சினிமாவில் கதை எழுதுகிறவருக்கு இரண்டு வேலை: எழுதுவது ஒன்று, யார் எழுதியது என்று பேச்சு வரும்போது வாயை மூடிக்கொண்டிருப்பது இன்னொன்று. பிறர் பெயருக்கு எழுதிக் கொடுத்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால் மேலே படியுங்கள். மற்றவர்களும் படிக்கலாம், தங்கள் வேலை தேவலை என்று தோன்றும்.

நான் இருந்தது சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு சின்னப் படக் கம்பெனி. எண்பதுகளின் தொடக்கம். அதற்குள் ஆறு படங்களுக்கு வசனம் எழுதியிருந்தேன். ஆறிலும் திரையில் வந்தது வேறு பெயர்கள்.

கதாநாயகன் இல்லாத புத்தகம்

முதலாளி திருச்செங்கோட்டுப் பக்கத்து லாரிக்காரர். அவருடைய அக்கா மகன் அமெரிக்காவிலிருந்து வந்தபோது ஓர் அட்டைப் பெட்டி கொண்டுவந்தான். உள்ளே மெல்லிய புத்தகம், ஒரு குகையின் வரைபடம், இருபது முகமுள்ள பகடை. அங்கே மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் விளையாட்டாம். ஒருவர் புத்தகத்தைப் பார்த்துக் குகையை வர்ணிப்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, கதவைத் திறக்கிறேன், வாளை உருவுகிறேன் என்று சொல்ல வேண்டும். சொன்னது நடக்குமா என்பதைப் பகடை தீர்மானிக்கும். அறைக்கு அறை ராட்சசர்கள். கடைசி அறையில் நெருப்புக் கக்கும் இறக்கைப் பாம்பு. முதலாளிக்கு இதை மாயாஜாலப் படமாக எடுத்தே ஆக வேண்டும்.

கம்பெனியில் இங்கிலீஷ் படித்தவள் நான் ஒருத்தி. எல்லாருக்கும் நான் பி.ஏ. அம்மா. இரண்டு நாள் படித்துவிட்டுப் போய்ச் சொன்னேன்: "எல்லாம் இருக்குதுங்க முதலாளி, கதைதான் இல்லை. 'நீங்கள் உள்ளே நுழைகிறீர்கள்' என்றே புத்தகம் முழுக்க இருக்குது. முடிவும் இல்லை." "அப்பக் கதைய நீங்களே பண்ணிக் குடுங்க, 'கதை'ன்னு உங்க பேரையே போடறேன்" என்றார். வாசல் வரை போனவர் எதையோ நினைத்துத் திரும்பினார். "ஏனுங்க பி.ஏ. அம்மா, படிக்கிறவரேதான் கதாநாயகன்னா போஸ்டர்ல யாரு மூஞ்சியப் போடறதுங்க?"

அப்பாவின் கண்

அந்த ஞாயிற்றுக்கிழமை நாமக்கல் போய், திரையில் என் பெயர் வரப்போவதை அப்பாவிடம் சொன்னேன். இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது. ஆபரேஷனுக்குப் பயந்து தள்ளிக்கொண்டே இருந்தார். என்னைப் படிக்கவைத்து என்ன கண்டாய் என்று ஊரில் கேட்டவர்களுக்கு அவர் இருபது வருஷமாகப் பதில் சொல்லாமலிருந்தார். இப்போது சொன்னார்: "எழுத்தப் பெருசாப் போடச் சொல்லு அம்மிணி."

பூ வாக்கு

முடிவு கிடைக்க ஒரே வழி ஆடிப் பார்ப்பதுதான் என்று டைரக்டர் சொன்னார். அவர் ஆத்தூர்க்காரர், நிதானமானவர். காலை பத்து மணிக்கு ஆபீஸ் மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். முதலாளி வீரன், டைரக்டர் மந்திரவாதி, சண்டை மாஸ்டர் திருடன். புத்தகம் என் கையில். குகை இருட்டு என்பதால் தீவட்டி பிடிக்க ஒரு பெண் வேண்டியிருந்தது. அவளுக்கும் நானே உருட்டுவதாக ஏற்பாடு.

முதலாளி பகடையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவர்கள் வீட்டில் லாரி வாங்கினாலும் பெண் எடுத்தாலும் முதலில் அம்மனிடம் பூ வாக்குக் கேட்பார்கள். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டிச் சந்நிதியில் வைத்து ஒன்றை எடுப்பது. நினைத்த பூ வந்தால் உத்தரவு. வராவிட்டால் அந்தக் காரியத்தை விட்டுவிட வேண்டியதுதான், மறுபடி கேட்கக் கூடாது. பகடையும் அவருக்கு அதே கணக்குத்தான். மூன்றாவது அறையில் அவருடைய வீரன் ஒரு பெட்டியைத் திறந்தான், விஷ முள் குத்திச் செத்தான். முதலாளி ஒரு வாய் தண்ணீர் குடித்தார், அவ்வளவுதான். டைரக்டர் பதறிப்போய், "ஹீரோ நாலாவது ரீல்லயே செத்துட்டா மிச்சப் படத்துக்கு எவன் சார் உக்காந்திருப்பான்? இன்னொரு தடவை உருட்டலாம்" என்றார். முதலாளி பகடையைத் துண்டால் மூடினார். "அம்மன் வேண்டாம்னு சொன்ன ஆளுக்கு நான் எப்படிங்க டூயட் வெக்கறது?"

நாலு

மத்தியானத்துக்குள் மந்திரவாதியும் திருடனும் செத்துப்போனார்கள். பாம்பின் எதிரே தீவட்டிக்காரி மட்டும் நின்றாள். உருட்டினேன். நாலு விழுந்தது.

அந்த விளையாட்டில் சில இடத்தில் பெரிய எண் நல்லது, சில இடத்தில் சின்ன எண் நல்லது. எங்கே எது என்பது புத்தகத்தில் இருந்தது, புத்தகம் என்னிடம் இருந்தது. அந்த இடத்தில் பதினைந்துக்குக் கீழே விழுந்தால் சாவு. மூன்று பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காலையிலிருந்து மற்றவர்களுக்கு வெளிச்சம் காட்டிக்கொண்டு பின்னால் நடந்தவள் அவள். தீவட்டி அணைந்தது என்று வாசிக்க எனக்கு வாய் வரவில்லை. "பாம்பு தீயைக் கண்டு பின்வாங்குகிறது. அவள் வெளியே வந்துவிட்டாள்" என்று வாசித்தேன். முதலாளி எழுந்து நின்று கும்பிட்டார். "பாத்தீங்களா, கடைசி வரைக்கும் யாரு நிக்கோணும்னு அம்மனுக்குத் தெரியுமுங்க."

கட்டம் போட்ட பாம்பு

தீவட்டிக்காரியே கதாநாயகி என்றானது. மேட்டூர்ப் பக்கம் ஒரு கைவிட்ட கல்குழியில் படப்பிடிப்பு. பாம்புக்குத் தோல் நெய்ய ஜலகண்டாபுரத்து நெசவாளர் ஒருவரிடம் சொல்லியிருந்தோம். செதில் செதிலாக இருக்க வேண்டும் என்று நான் எழுதியனுப்பியதை அவர் கட்டம் கட்டமாகப் புரிந்துகொண்டார். வந்து இறங்கியது லுங்கி கட்டிய பாம்பு. வாய்க்குள் பந்தம் வைக்கப்போனபோது நெசவாளர் குறுக்கே வந்து நின்றார், தறியில் நெய்ததை எரிய விடுவாரா. பிறகு நெருப்பைப் பாம்புக்கு ஒரு முழம் முன்னால் வைத்துத்தான் எடுத்தோம். திரையில் பாம்பு தன் நெருப்பைத் தானே தேடுவதுபோல் இருக்கும். டைரக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். நெசவாளர் அவரைச் சமாதானப்படுத்தினார்: "சாயம் போவாதுங்க, அணைத் தண்ணியில நனைச்சே பாத்துட்டனுங்க."

பெயர் அட்டை

பெயர் எழுதும் ஓவியர் வந்த அன்று முதலாளி என்னைக் கூப்பிட்டார். அவர் முகத்தில் சங்கடம் தெரிந்தது. "கதை யாரு குடுத்ததுங்க? பகடை உருட்டி அம்மன் குடுத்தது. அதுல மனுசி பேரப் போட்டா அடுக்குமுங்களா?" என்றார்.

நாலு என்ற எண் என் நாக்கு நுனியில் நின்றது. முடிவு என்னுடையது, அம்மன் சொன்னதல்ல என்று ஒரு வரி சொன்னால் போதும், பெயர் வந்துவிடும். ஆனால் வாக்கை மீறி எடுத்த படம் என்று அவர் அன்றைக்கே படப்பெட்டியைப் பூட்டியிருப்பார். தீவட்டிக்காரி அந்தக் குகையிலேயே கிடப்பாள். சரிங்க என்றேன். அவருக்கு மூச்சு வந்தது. "கோவிச்சுக்காதீங்க பி.ஏ. அம்மா, அடுத்த படத்துல போட்டுரலாம், அதுக்குப் பகடையே வேண்டாம்." அந்த அடுத்த படம் எடுக்கவே இல்லை.

நாமக்கல்லில் படம் வந்தபோது அப்பாவைக் கைபிடித்துக் கூட்டிப்போனேன். 'கதை: குலதெய்வத்தின் அருள்வாக்கு' என்று மஞ்சள் எழுத்து திரையை நிறைத்தது. பெரிதாகப் போடச் சொல்லி நான் முன்பே கேட்டிருந்தேன், அதை மட்டும் முதலாளி மறக்கவில்லை. அப்பா இமையைச் சுருக்கிக்கொண்டு, "வந்துருச்சா?" என்றார். "வந்துருச்சுங்கப்பா, என் பேருதான்" என்றேன். அந்த மஞ்சள் மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லாப் பெருசாத்தான் போட்டிருக்கறாங்க அம்மிணி."

ஆறு படங்களில் என் எழுத்துக்கு மனிதர்கள் பேர் வாங்கிக்கொண்டார்கள், ஏழாவதில் சாமியே வாங்கிக்கொண்டது. சாமிக்கும் மேலே புகார் சொல்ல ஆளில்லாத இடத்துக்கு வந்துசேர்ந்ததை இந்தத் தொழிலில் முன்னேற்றம் என்றே வைத்துக்கொண்டிருக்கிறேன்.