பாதிவிலை அண்ணனும் பத்தாம் நம்பரும்

வண்டியைத் தொடமாட்டார். முதலில் மூன்று சுற்று. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, துக்கம் விசாரிக்க வந்தவர் போல முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு காரைச் சுற்றி வருவார். இரண்டாம் சுற்றில் ஒரு பெருமூச்சு. மூன்றாம் சுற்றில் பின்கதவுப் பக்கம் நின்று, "இது எப்ப இடிச்சது?" என்பார். எங்கேயும் இடித்திருக்காது. ஆனால் விற்க வந்தவருக்கு அந்த நிமிடத்திலிருந்து தன் கார்மேலேயே சந்தேகம் வந்துவிடும்.

பழைய கார் தரகர். இருபத்திரண்டு வருடத் தொழில். யார் என்ன விலை சொன்னாலும் அதில் பாதியிலிருந்துதான் பேச்சைத் தொடங்குவார் என்பதால், வட்டாரத்தில் அவர் பெயரே பாதிவிலை அண்ணன் என்றாகிவிட்டது. அதில் அவருக்கு வருத்தம் கிடையாது. விசிட்டிங் கார்டில் அச்சடிக்காததுதான் பாக்கி. பிளாஸ்டிக் வாளி வாங்கினாலும் அதைக் கவிழ்த்துத் தட்டி, "அடி மெல்லிசா இருக்கே" என்று முனகாமல் விடமாட்டார். மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரியில், பிள்ளையைக் கையில் வாங்குவதற்கு முன்பே, "ரூமுக்குக் கடைசியா எவ்வளவு சிஸ்டர்?" என்று கேட்டதை அவர் மனைவி இன்றுவரை வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அப்படிப்பட்டவர் பேரம் பேசாத ஒரே இடம் கால்பந்து மைதானத்து டிக்கெட் கவுண்டர். அங்கே சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு நன்றி வேறு சொல்வார். நீலக் கோடு போட்ட கிளப் மப்ளர், வெயிலோ மழையோ, கழுத்திலேயே கிடக்கும். பத்தாம் நம்பர் போட்டு ஆடும் முன்களப் பையனை, அவன் பத்தொன்பது வயதில் இரண்டாம் அணியில் ஆடும்போதே கண்டெடுத்தது தான்தான் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. "அன்னிக்கு மைதானத்துல நானும் நாலு காக்காயும்தான். அப்பவே சொன்னேன், இந்தக் கால் பெரிய விலைக்குப் போகும்னு." காக்காய்கள் சாட்சி சொல்ல வராததால் யாரும் மறுப்பதில்லை.

அந்தக் கால்தான் போன வியாழக்கிழமை விலைபோனது. பெரிய விலைக்கு அல்ல. ஊரே பேசிக்கொண்டிருந்த விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு, அதுவும் எந்த அணியைப் பார்த்தால் இவருக்கு ஏப்பம் புளிக்குமோ அந்த அணிக்கு. செய்தி வந்தபோது ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரின் காரை மூன்றாம் சுற்று சுற்றிக்கொண்டிருந்தார். செல்போனைப் பார்த்தார். அப்படியே காரின் மூக்கில் உட்கார்ந்துவிட்டார்.

"சார், நீங்க சொன்ன விலைக்கே எடுத்துக்கறேன். கிளம்புங்க."

இருபத்திரண்டு வருடத்தில் அப்படி நடந்ததில்லை. வாத்தியார் பயந்துபோய்த் தண்ணீர் வாங்கிவந்து கொடுத்தார். மறுநாளே தரகர் அவர் வீட்டுக்குப் போய், சைலன்சரில் ஓட்டை என்று சொல்லிக் கொஞ்சம் திருப்பி வாங்கிவிட்டார் என்பது வேறு விஷயம்.

வீட்டில் சோறு இறங்கவில்லை. தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, "மூணுல ஒரு பங்கு... மூணுல ஒரு பங்கு..." என்று முணுமுணுத்தார்.

"என் தம்பி வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனப்ப உங்க கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வரல," என்றார் மனைவி.

"உன் தம்பி என்னிக்காவது ஒரு கோல் போட்டிருக்கானா?"

"போடல. உங்ககிட்ட ஒரு காரை வித்து ஏமாந்தான். அதான் அவன் செஞ்சது."

அணியின் ரசிகர் மன்றம் கூடுவது முடிதிருத்தும் கடையில். கடைக்காரர்தான் செயலாளர். அன்று நாற்காலியில் இருந்தவருக்குப் பாதித் தலை மட்டும் வெட்டியிருந்தது. மீதிக்கு நீதி கிடைக்கிறவரை கத்தரி நகராது போலிருந்தது. கிளப் அலுவலகத்துக்கே போய் நியாயம் கேட்பது என்று முடிவாயிற்று. யார் பேசுவது?

"அண்ணே, நீங்கதான்," என்றார் கடைக்காரர். "நாங்க போனா கத்திட்டு வருவோம். எதுக்கு என்ன விலைன்னு தெரிஞ்ச ஒரே ஆள் நீங்கதாண்ணே."

தரகர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இத்தனை வருடமாக முதுகுக்குப் பின்னால் ஏமாற்றுக்காரன் என்று சொன்ன வாய்களெல்லாம் இப்போது அவர் வாயைப் பார்த்து நின்றன. அவருடைய தொழிலுக்காக அவரை யாரும் மதித்தது அதுதான் முதல் தடவை. அன்று முடி வெட்டிக்கொண்டார். கேட்ட கூலியைக் கொடுத்தார்.

சனிக்கிழமை காலை நாற்பது பேர் வாசலில் கோஷம் போட, இவரை மட்டும் மாடிக்கு விட்டார்கள். தலைவர் ஊரில் இல்லை. கண்ணாடி போட்ட அலுவலக மேலாளர் அம்மாள் ஒருத்தர், கோப்புகளுக்கு நடுவே தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். இவர் பழக்க தோஷத்தில் விசிட்டிங் கார்டை நீட்டிவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"மேடம், ஒரு பொருளை விக்கறதுன்னா அதுக்கு ஒரு முறை இருக்கு..."

"கார் வியாபாரமா சார்?" அம்மாள் கார்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நல்லதாப் போச்சு. கீழ நிக்குதே சிவப்பு வண்டி, அது என்னோடதுதான். கொடுத்துடலாம்னு இருக்கேன். என்ன போகும்?"

கூட்டம் கீழே கத்திக்கொண்டிருந்தது. ஆனால் தரகரின் கால் தானாக ஜன்னலுக்குப் போனது. சுற்றிவர வழியில்லாததால் கழுத்தை மட்டும் இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார்.

"பதிவுப் பேப்பரெல்லாம் எதுவரைக்கும் மேடம் இருக்கு?"

"அடுத்த மாசத்தோட முடியுது."

"அப்ப பாதிகூடப் போகாது. மூணுல ஒரு பங்கு கிடைச்சாப் பெரிசு."

"என்ன சார் இப்படிச் சொல்றீங்க! வண்டி புதுசு மாதிரி ஓடுதே."

"பறக்கட்டுமே மேடம். பேப்பர் முடியப்போற வண்டிக்கு எவன் முழு விலை கொடுப்பான்? இப்ப வர்ற விலைக்குத் தள்ளினாப் பொழைச்சீங்க. ஒரு மாசம் போனா சும்மா கொடுத்தாலும் ஆள் வரமாட்டான்."

அம்மாள் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "அந்தப் பையனோட ஒப்பந்தம் இந்த சீசனோட முடியுது சார். புதுசுல கையெழுத்துப் போடமாட்டேன்னுட்டான். இப்ப விக்கலைன்னா அடுத்த வருஷம் ஒரு பைசா இல்லாம நடந்து போயிடுவான். நீங்களா இருந்தா எவ்வளவுக்கு வித்திருப்பீங்க?"

தரகர் மப்ளரைச் சரிசெய்துகொண்டார். அவர் மனசுக்குள் கணக்கு ஒரு நொடியில் முடிந்துவிட்டது: இதே விலைக்குத்தான் தானும் தள்ளியிருப்பார். சொல்லப்போனால் இன்னும் கொஞ்சம் குறைத்தே.

"வர்றேன் மேடம்," என்றார் மெதுவாக.

படியிறங்கி வந்ததும் நாற்பது முகங்கள் சூழ்ந்துகொண்டன. "என்னண்ணே சொன்னாங்க?" என்றார் முடிதிருத்துபவர். எல்லோரும் இவர் வாயையே பார்த்தார்கள். உண்மையைச் சொன்னால் கூட்டம் கலைந்துவிடும். அவரும் பழையபடி பிளாஸ்டிக் வாளி தட்டுகிற ஆளாகிவிடுவார்.

"என்னத்தச் சொல்றது!" தரகர் தலையில் அடித்துக்கொண்டார். "அவங்களுக்கு வியாபாரமே தெரியலப்பா!"

கூட்டம் கொதித்தது. யாரோ அவரைத் தூக்கித் தோளில் வைத்தார்கள். "ஒழிக!" என்று அவர் வலது கையை முஷ்டியாக்கி வானத்தைக் குத்தினார், நாற்பது கைகள் கூடவே குத்தின. தோள்மேல் இருந்ததால் மாடி ஜன்னல் நேரெதிரே தெரிந்தது. அம்மாள் அங்கே நின்றிருந்தார். தரகர் இடது கையின் கட்டை விரலையும் சுண்டு விரலையும் விரித்து, காதுக்குப் பக்கத்தில் வைத்து, "போன் பண்ணுங்க" என்று இரண்டு தடவை ஆட்டினார்.