ரிஸ்மியாத்தியின் முத்திரை படாத உயில்

ரிஸ்மியாத்திக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. உட்கார்ந்தாலும் வலது கால் ஆடிக்கொண்டே இருக்கும். வொனொசோபோ என்னும் மலையூரின் கடைத்தெரு முனையில் ஒங்லோக் நூடுல்ஸ் விற்கும் அவள் அம்மா சுமிரா, கொதிக்கிற தண்ணீரில் சின்ன மூங்கில் கூடையை முக்கி முக்கி ஆட்டுவாள். அந்த ஆட்டம்தான் மகள் காலில் இறங்கிவிட்டது என்று கடைத்தெருவே கேலி செய்யும்.

நோட்டரி ஆவதற்கு மனநல மருத்துவரிடமும் சான்றிதழ் வாங்க வேண்டும். ஐநூறு கேள்வி இருக்கும் தாளை நீட்டினார்கள். 'காரணமில்லாமல் அடிக்கடி பதற்றப்படுவீர்களா?' என்று ஒரு கேள்வி. அங்கே வந்ததும் பேனா நின்றுவிட்டது. ஆமாம் என்றால் பிழைப்பு போச்சு, இல்லை என்றால் முதல் ஆவணத்திலேயே பொய். கடைசியில் இல்லை என்றே குறித்தாள். எனக்குத்தான் காரணம் இருக்கிறதே என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

அந்தக் காரணம் என்னவென்று எல்லோரும் தங்களுக்குத் தெரியும் என்றுதான் நினைத்தார்கள். அவள் பட்டபாடு அப்படி. இன்னொருவர் அலுவலகத்தில் பதினான்கு வருஷம் பத்திரம் தட்டச்சு செய்தாள். வேலை முடிந்து மாலைக் கல்லூரிக்கு ஓடினாள். பிறகு மேல்படிப்பு, இரண்டு வருஷப் பயிற்சி, ஒரு தடவை கோட்டை விட்ட தேர்வு. ஒருவழியாக நியமன ஆணை வந்தபோது கூடவே கெடுவும் வந்தது. அறுபது நாளுக்குள் பதவிப் பிரமாணம் எடுக்காவிட்டால் ஆணை வெறும் காகிதம். பிரமாணம் எடுத்த முப்பது நாளுக்குள் அலுவலகம் திறந்து, கையெழுத்து, முத்திரை மாதிரிகளையெல்லாம் அனுப்பிவிட வேண்டும். போர்டுக்குக்கூட அளவு உண்டு, வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்துதான் இருக்க வேண்டும். அவள் வாடகைக்குப் பிடித்த அறையின் முகப்பு அந்தப் போர்டைவிடக் கொஞ்சம்தான் அகலம்.

பைக் பழுது பார்க்கும் அவள் கணவன் தர்சோனோவுக்குப் பொறுமை இல்லை.

"பெயிண்ட் காஞ்சிடுச்சு. ஒரு தடவை மாட்டிப் பாத்துடுவோமே."

"மாஸ், பிரமாணத்துக்கு முன்னாடி போர்டு வெளியில தெரிஞ்சா எவனாவது போட்டோ எடுத்து மேலிடத்துக்கு அனுப்புவான். நீங்க நட்டு போல்ட்டோட நிறுத்திக்குங்க, போதும்."

போர்டு கட்டிலுக்கடியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடந்தது.

உண்மையில் அவளை அரித்துக்கொண்டிருந்தது போர்டும் இல்லை, கெடுவும் இல்லை. அம்மாதான்.

மாலைக் கல்லூரியில் சேர்ந்த அன்று சுமிரா சொன்னாள்: "ஹஜ்ஜுக்குப் பேர் குடுத்திருக்கேன். என் முறை வர எப்படியும் பத்துப் பன்னெண்டு வருஷம் ஆகும். போறதுக்கு முன்னாடி உயில் எழுதணும். அதை உன் கையாலதான் எழுதணும், உன் முத்திரைதான் விழணும். வேற எவன்கிட்டயும் போகமாட்டேன்." சாப்பிட வந்தவர்களிடமெல்லாம் இதையே சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டாள்.

இரண்டாம் வருஷப் பாடத்தில் அந்தச் சட்டப் பிரிவு வந்தது. நோட்டரி தனக்கோ, கணவனுக்கோ, பெற்றவர்களுக்கோ, பிள்ளைகளுக்கோ பத்திரம் எழுதக்கூடாது. எழுதினால் அது செல்லாது. அன்று சாயங்காலமே அம்மாவிடம் சொல்லிவிடுவது என்று போனாள். கடையில் நல்ல கூட்டம். மறுநாள் அம்மாவுக்குக் காய்ச்சல். அதற்கடுத்த வாரம் தம்பி பாத்தாம் தீவில் வேலை கிடைத்துக் கிளம்பினான். இப்படியே எட்டு வருஷம் ஓடிவிட்டது. கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.

பிரமாணம் ஐம்பத்தைந்தாம் நாள் செமாராங் நகரில் நடந்தது. அங்கிருந்து திரும்பும் வழியில் சுமிரா ஒரே குஷியில் இருந்தாள். "என் முறையும் வந்தாச்சு. இன்னும் நாலு வாரத்துல ஃப்ளைட். நல்ல நாள் பாத்துட்டேன், புதன்கிழமை திறக்கறோம். என் உயில்தான் முதல் பத்திரம்."

ரிஸ்மியாத்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

புதன்கிழமை போர்டு ஏறியது. திறப்பு விழா வழக்கப்படி மஞ்சள் சோற்றைக் கூம்பாகக் குவித்து, நுனியை வெட்டி அம்மாவுக்குக் கொடுத்தார்கள். அதைத் தட்டில் ஏந்தியபடியே சுமிரா உள்ளே போய், கட்சிக்காரர் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தாள். பிளாஸ்டிக் பையிலிருந்து அடையாள அட்டை, குடும்ப அட்டை, நிலச் சான்றிதழ் எல்லாவற்றையும் மேசைமேல் பரப்பினாள்.

"எழுது."

"இபு, என்னால எழுத முடியாது."

"ஏன், மை தீந்துபோச்சா?"

"சட்டம் விடாது. பெத்த அம்மாவுக்கு மக எழுதக்கூடாது."

"ஊருக்கெல்லாம் எழுதுவ, பெத்தவளுக்கு எழுதமாட்ட. இதுக்கா இவ்வளவு படிச்ச?"

மேசைக்கடியில் ரிஸ்மியாத்தியின் கால் ஆடும் சத்தம் கேட்டது.

"இது உனக்கு எப்பத் தெரியும்?"

"எட்டு வருஷமா."

சுமிரா ஒவ்வொரு காகிதமாகப் பைக்குள் திரும்ப வைத்தாள். சோறு அப்படியே இருந்தது. வாசலில் நின்றிருந்த விருந்தாளிகளை விலக்கிக்கொண்டு, போர்டை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் போய்விட்டாள்.

ஒன்பது நாள் பேச்சில்லை. மத்தியானம் நூடுல்ஸ் மட்டும் தவறாமல் வந்தது. இருபத்திரண்டு வருஷமாகக் கடையில் அம்மாவுக்குக் கை கொடுக்கும், ரிஸ்மியாத்தியை அக்கா முறையில் 'எம்பாக்' என்றழைக்கும் துக்கினெம்தான் கொண்டுவருவாள். கூட வர வேண்டிய, கறி கோத்துச் சுட்ட சாத்தே குச்சிகள் மட்டும் இருக்காது.

"கறி எங்க, துக்கினெம்?"

"நோட்டரி அம்மாவுக்குக் கறி கொடுக்கறது சட்டப்படி தப்பாம், எம்பாக். இபு சொல்லச் சொன்னாங்க."

பத்தாம் நாள் ரிஸ்மியாத்தியால் தாங்க முடியவில்லை. அம்மாவால் நகர முடியாதபடி கடையில் கூட்டம் நெரியும் நேரமாகப் பார்த்துப் போய், அடுப்புக்குப் பக்கத்தில் நின்றாள்.

"எதிர்ல நோட்டரி பாக் குனார்தோ இருக்காரே, அவர்கிட்ட நானே கூட்டிட்டுப் போறேன். கிளம்ப இன்னும் மூணு வாரம்கூட இல்ல. உயில் இல்லாம ஃப்ளைட் ஏறப் போறீங்களா?"

"அந்த ஆளா? பத்திரத்தைப் படிச்சுக் காட்டவே மாட்டானாமே. வீட்டுல படிச்சுட்டீங்கல்லன்னு பேனாவை நீட்டுவானாம்."

"படிக்க வைக்கிறேன். அது என் பொறுப்பு."

சுமிரா கூடையை நாலு தடவை ஆட்டினாள். "திங்கட்கிழமை. மத்தியானக் கூட்டம் வர்றதுக்குள்ள முடிச்சாகணும்" என்றாள்.

சாட்சியாகக்கூட மகள் உட்காரக் கூடாது. அதனால் திங்கட்கிழமை பாக் குனார்தோவின் அலுவலகத்தில், பலகைத் தடுப்புக்கு வெளியே பெஞ்சில் இருந்தாள். உள்ளே அம்மாவும், அவரும், அவருடைய இரண்டு ஊழியர்களும். அவர் இருமுவது கேட்டது. தாள் புரளும் சத்தம் கேட்டது. அப்புறம் பேனா மூடி கழலும் சத்தம். படிக்கும் குரல் மட்டும் கேட்கவில்லை. அவளால் உட்கார முடியவில்லை, எழுந்து கதவைத் தட்டினாள்.

"பாக், மன்னிக்கணும். படிச்சாச்சா?"

முப்பது வருஷமாக முத்திரை குத்திவரும் மனிதர் கண்ணாடிக்கு மேலாக அவளை முறைத்தார். "போர்டு மாட்டி ரெண்டு வாரம் ஆகல, எனக்குப் பாடமா?"

"பாடம் இல்ல, பாக். படிச்சுக் காட்டாத உயிலை நாளைக்கு யாராவது வழக்குல இழுத்தா சாதாரணக் கடுதாசியா நிக்கும். இபு மக்காவுக்குப் போறாங்க. நிம்மதியாப் போகட்டும்."

அவர் ஊழியர்களைப் பார்த்தார். ஊழியர்கள் தரையைப் பார்த்தார்கள். "சரி, கதவைச் சாத்திட்டுப் போ."

"தெறந்தே இருக்கட்டும். என் உயில், நான் சொல்றேன்" என்றாள் சுமிரா.

பாக் குனார்தோ தொண்டையைச் செருமிக்கொண்டு, கோபத்தைக் குரலில் ஏற்றி, தெருவுக்கே கேட்கும்படி படிக்க ஆரம்பித்தார். வீடு வாரிசுகளுக்கு என்றார். கடைத்தெரு முனையில் இருக்கும் நூடுல்ஸ் கடையும் அதன் அடிமனையும், வாரிசல்லாதவருக்கு எழுதிவைக்கக்கூடிய மூன்றில் ஒரு பங்குக்குள் அடங்குவதால், தன்னோடு உழைத்த துக்கினெம்முக்கு என்றார்.

ரிஸ்மியாத்திக்குச் சுருக்கென்றது. அந்த முனை மனைமேல் அவளுக்கு ஒரு கண் உண்டு. என்றைக்காவது தன் போர்டு அங்கே பெரிதாக நிற்கும் என்று யாரிடமும் சொல்லாமல் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். வாயை மூடிக்கொண்டு பெஞ்சிலேயே இருந்திருந்தால், இந்த உயிலில் ஓர் ஓட்டை இருந்திருக்கும். அந்த ஓட்டை யாருக்குப் பயன்பட்டிருக்கும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அதை அவள் கையாலேயே அடைத்தாகிவிட்டது.

சுமிரா கையெழுத்திட்டு, விரல் ரேகை வைத்து, மையைத் துடைத்தபடி வெளியே வந்தாள். இருவரும் தெருவில் நின்றார்கள்.

"இதுக்குத்தான் உன் கையால எழுதச் சொன்னேன். நீயே எழுதினதை நீயே எப்படி மறுப்ப?"

"என்னை நம்பலையா, இபு?"

"உன் தம்பியைச் சுத்தமா நம்பல. உன்னைப் பாதி நம்பினேன்."

"இப்ப?"

சுமிரா மை போகாத விரலால் மகளின் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். வெள்ளைச் சட்டையில் நீலக் கறை ஒட்டிக்கொண்டது. "நேரமாச்சு, கூட்டம் வந்துடும்" என்று கடையைப் பார்த்து நடந்தாள்.

மாதம் முடிந்ததும், ஒவ்வொரு நோட்டரியும் தான் எழுதிய உயில்களின் பட்டியலை ஐந்தாம் தேதிக்குள் தலைநகருக்கு அனுப்ப வேண்டும். ஒன்றும் எழுதாவிட்டாலும் 'இல்லை' என்று அனுப்பியே தீர வேண்டும். ரிஸ்மியாத்தி அதை நிரப்பிக்கொண்டிருந்தபோது துக்கினெம் சாப்பாட்டோடு வந்தாள். மூடியைத் திறந்தால் சாத்தே குச்சிகள் ஆறு. துக்கினெம்மின் கண்கள் சிவந்திருந்தன.

"எம்பாக், இபு இன்னைக்குத்தான் சொன்னாங்க. எனக்கு எதுவுமே தெரியாது, சத்தியமா. நான் கேக்கவே இல்ல."

"எனக்கும் தெரியாது. தெரிஞ்சிருந்தா அன்னைக்குக் கதவைத் தட்டியிருப்பேனான்னும் தெரியல" என்றாள் ரிஸ்மியாத்தி. துக்கினெம் விசும்பினாள். ரிஸ்மியாத்தி எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு, மூன்று குச்சிகளை அவள் பக்கம் தள்ளினாள். "ஆனா தட்டிட்டேன். உக்காரு, ஆறிடும்."

மேசைக்கடியில் கால் ஆடிக்கொண்டேதான் இருந்தது. படிவத்தில் 'இல்லை' என்று எழுதி, அதன்மேல் தன் புது முத்திரையை அழுத்தினாள்.