எதிர்வீட்டைப் பார்த்த பீரங்கி

வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் கோயில்களுக்குப் போகிறார்கள், காலையில் நடக்கிறார்கள், மற்றவர்களுக்குச் சர்க்கரை நோயைப் பற்றி வகுப்பெடுக்கிறார்கள். நான் பீரங்கி செய்ய ஆரம்பித்தேன்.

திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் பட்டறையில் முப்பது வருடம் லேத்தில் நின்றவன் நான். நான் கடைந்து கொடுத்த சாமான் எல்லாம் நேராகப் பூமிக்குள் போய்விடும். அழகாக இருக்கிறது என்று ஒருவர்கூடச் சொன்னதில்லை. உடைந்தால் மட்டும் போன் வரும். அதனால் ஓய்வுக்குப் பிறகு எதற்கும் உதவாத ஒன்றைச் செய்ய வேண்டும் என்று தீர்மானித்தேன். வீட்டில் கார் நிறுத்தக் கட்டிய கொட்டகை இருந்தது, கார் இல்லை. அங்கே பழைய லேத்து ஒன்றை வாங்கிப் போட்டேன்.

என் மனைவி முதல் நாளே கேட்டாள். "ஏனுங்க, மிக்ஸி மூடி ஒடைஞ்சு ஒரு மாசமாக் கெடக்குது. அத உட்டுப்போட்டு யாரு மேல படையெடுக்கப் போறீங்க?"

இரும்புக்கடையில் லாரியின் முறிந்த ஆக்சில் ஒன்று கிடைத்தது. அதில்தான் பீரங்கிக் குழாயைக் கடைந்தேன். முதல் குழாய் முள்ளங்கி மாதிரி வந்தது. இரண்டாவது சரியாக அமைந்தது: ஒரு அடி நீளம், பின்பக்கம் தடித்து, வாயை நோக்கி மெலிந்து, நடுவில் இரண்டு வளையங்களோடு. சக்கரம்தான் உயிரை வாங்கியது. ஒவ்வொன்றுக்கும் பன்னிரண்டு ஆரக்கால். மெல்லிய கம்பியை வெட்டி, ஒவ்வொன்றையும் ஒரே அளவாக அரத்தால் ராவிப் பொருத்த மூன்று வாரம் ஆயிற்று. கடைசியில் எல்லாவற்றையும் சூடாக்கிப் பழைய எஞ்சின் ஆயிலில் முக்கியெடுத்தேன். எருமைத் தோல் மாதிரி கறுப்பாகப் பளபளத்தது.

வாயில் துளை மூன்று விரற்கடை ஆழம்தான். திரி வைக்க ஓட்டை கிடையாது. அதில் ஊசிப்பட்டாசுகூட வெடிக்காது. வருகிறவர்களிடம் எல்லாம் இதை விளக்குவேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வெடிக்குமுங்களா?" என்பார்கள்.

அந்தச் சமயத்தில் என் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், சேலம் ஃபேர்லேண்ட்ஸில் வீடு கட்டிக் குடிபோனார். சேலை வியாபாரி. விசேஷத்துக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். நான் பீரங்கியைக் கொடுத்தேன். அவர் அதை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தார். "மாப்ள, ஊடு இப்பத்தான் அரமண மாதிரி ஆச்சு" என்று சொல்லி, முன்வாசல் கைப்பிடிச் சுவர் மேல், தெருவைப் பார்த்து வைத்துவிட்டார்.

தெருவுக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு இருந்தது. அதை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை.

எதிர்வீட்டுக்காரர் போர்வெல் வண்டி முதலாளி. வெளிமாநிலத்தில் அவருடைய வண்டி அடுத்தடுத்து இரண்டு இடத்தில் துளை போட்டும் வெறும் புழுதிதான் வந்ததாம். வாஸ்துக்காரரைக் கூப்பிட்டிருக்கிறார். அந்த வீட்டைக் கட்டும்போது யோசனை சொன்னதும் அதே வாஸ்துக்காரர்தான், ஆகவே வீட்டுக்குள் ஒரு குறையும் தென்படவில்லை. வெளியே வந்து பார்த்ததும் தென்பட்டுவிட்டது.

பதினைந்தாம் நாள் மச்சான் போனில் கூப்பிட்டார். "மாப்ள, ஒடனே வாங்க. உங்க பீரங்கியால இங்க போரே வந்துரும் போல."

போனேன். மச்சான் வீட்டுக் கூடத்தில் மச்சான், எதிர்வீட்டுக்காரர், வாஸ்துக்காரர் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் என் விளக்கத்தை ஆரம்பித்தேன். திரி ஓட்டை இல்லை, துளை மூன்று விரற்கடைதான் என்றேன்.

"ஓட்ட இல்லீனா என்னங்க?" என்றார் எதிர்வீட்டுக்காரர். "வாயி எங்கூட்டப் பாத்துத்தானுங்க இருக்குது!"

வாஸ்துக்காரர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். "குண்டு வராதுங்க. ஆனா பார்வை வரும்."

சரி, திருப்பி வைக்கலாம் என்றேன். வலப்பக்கம் திருப்பினால் பிள்ளையார் கோயில். இடப்பக்கம் மச்சானின் சர்க்கரையைப் பார்க்கிற டாக்டர் வீடு. உள்பக்கம் திருப்பலாமா என்று கேட்டதற்கு மச்சான் துள்ளி எழுந்தார். "சொந்த ஊட்டையே சுடச் சொல்றீங்களா?" கடைசியில் வாஸ்துக்காரர் பரிகாரம் சொன்னார்: பீரங்கி வாயில் ஒரு எலுமிச்சம்பழம். வைத்துப் பார்த்தோம், நுழையவில்லை. துளையைப் பெரிதாகக் குடைந்து தருகிறேன் என்று நான் சொன்னது தப்பாகிவிட்டது. வாயைப் பெரிதாக்கும் யோசனைக்கு மூவரும் என்னை முறைத்தார்கள்.

ஒன்றும் முடிவாகவில்லை. கிளம்பும்போது எதிர்வீட்டுக்காரர் வாசல் கேட் பக்கத்தில் என்னைத் தனியாக ஓரங்கட்டினார்.

"ஏனுங்க, நீங்களே கையால செஞ்சதுங்களா?"

"ஆமாங்க."

"சக்கரம் நெசமாச் சுத்துமுங்களா?"

"சுத்துமுங்க."

அவர் தெருவை ஒருமுறை பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "எனக்கும் ஒண்ணு செஞ்சு குடுங்க. நீளம் மட்டும் ரெண்டு அங்குலம் கூட இருக்கோணும்."

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் முப்பது வருடத்தில் சக்கரத்தைப் பற்றி, அது உடையாதபோதே, என்னிடம் விசாரித்த முதல் ஆள் அவர்தான். செய்தேன். இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன்: அதற்குப் பித்தளை வளையம் போட்டேன். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் போட்டேன்.

அது எதிர்வீட்டுச் சுவரில் ஏறிய அன்றே மச்சான் கூப்பிட்டார். "சொந்தம்னு பாக்காம அந்தாளுக்கு ஆயுதம் குடுத்துப்போட்டீங்களே மாப்ள!" பிறகு, "எனக்கு அதவிட மூணு அங்குலம் கூட ஒண்ணு போடுங்க. அந்தப் பித்தளையும் வேணும்."

பக்கத்தில் நின்ற மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "எங்கண்ணனுக்கு ஒண்ணு, எதிரூட்டுக்கு ஒண்ணு. பெரிய பெரிய நாடு பண்ற யாவாரத்த நீங்க காரு கொட்டாய்லயே பண்றீங்க" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அந்த மூன்றாவது பீரங்கியை நான் செய்யவில்லை. தோள்வலி என்று மச்சானிடம் சொல்லிவிட்டேன்.

சண்டை தானாகவே தீர்ந்தது. எதிர்வீட்டுக்காரரின் வண்டி போட்ட அடுத்த துளையில் தண்ணீர் பீய்ச்சியடித்தது. தன் பீரங்கிதான் காரணம் என்றார். மச்சானுக்குத் தீபாவளி வியாபாரம் அமோகமாக நடந்தது. அதற்கு அவர் தன் பீரங்கியைக் காரணமாகச் சொன்னார். இருவரும் இனிப்பு மாற்றிக்கொண்டார்கள். பீரங்கிகளை மட்டும் யாரும் எடுக்கவில்லை. அவை இன்றும் ஒன்றையொன்று குறிபார்த்தபடி நிற்கின்றன. நடுவில் தெருக்காரர்கள் பால் வாங்கப் போய்வருகிறார்கள்.

உண்மையில் ஜெயித்தவர் வாஸ்துக்காரர். இரண்டு வீட்டிலும் நல்லது நடந்ததற்கு அவர்தான் காரணம் என்று பேச்சாகிவிட்டது. ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார்.

"எதிர்ப்பார்வை இருக்கிற ஊடுகளுக்குப் பரிகாரமா வெக்கலாமுங்க. உள்ளங்கை அளவுல ஐம்பது செஞ்சு குடுங்க. சக்கரம் எதுக்குங்க, அது வேண்டாம். குழாய் மட்டும் போதும்."

ஜனங்களை ஏமாற்றும் வேலைக்கு நான் வரமாட்டேன் என்று சொன்னதாகத்தான் மனைவியிடம் கதை விட்டேன். நான் அவரிடம் சொன்னது வேறு.

"சக்கரமில்லாத பீரங்கி வேணும்னா பைப்புக் கடையில கேளுங்க" என்று போனை வைத்துவிட்டேன். கோபம் அடங்க ஒரு வாரம் ஆயிற்று.