ஆறு மணி வரை திறந்திருக்கும்

தர மதிப்பீட்டுக் குழு வருவதற்கு முந்தைய வாரம், ஆம்பூரை ஒட்டிய எங்கள் கல்லூரியின் சுவர்களில் நேர்மை, பொறுப்பு என்று விழுமியங்களை எழுதினார்கள். பெயிண்ட் காயும் முன்பே எங்கள் தமிழ்த் துறைத்தலைவி என்னை அழைத்து, மாணவர் சார்பில் குழுவிடம் நான் சொல்ல வேண்டிய வாக்கியத்தைக் கொடுத்தார்: "நூலகம் மாலை ஆறு மணி வரை திறந்திருக்கும்."

நூலகத்தை மூன்றரைக்கே பூட்டிவிடுவார்கள். எனக்குப் படிக்க வேறு இடமில்லை. வீட்டின் ஒற்றை அறையில் அம்மாவும் சித்தியும் ஷூ கம்பெனியிலிருந்து வாங்கி வந்த மேல்தோல்களைத் தைத்துக்கொண்டிருப்பார்கள். புத்தகத்தை விரித்துவைத்தால் அதன்மேலும் ஒரு ஜோடி வந்து அமரும். நூலக நேரத்தை நீட்டும்படி நான் பலமுறை கேட்டிருந்தேன். இந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டால், இனிக் கேட்கவும் முடியாது.

"மேடம், இது உண்மையில்லையே."

"என்னம்மா நீ, இலக்கணம் படிச்சவ. 'திறந்திருக்கும்'னா எதிர்காலம்தானே? இனிமே திறப்போம். உனக்குப் பொய்யும் இல்ல, எனக்குத் தலைவலியும் இல்ல."

அவர் சொன்னதில் பிழை காண முடியவில்லை. அதுவே என்னைச் சிக்கவைத்தது. வழக்கத்தையும் வாக்குறுதியையும் தமிழ் ஒரே வினைமுற்றால் சொல்லிவிடுகிறது. கேட்பவர் வழக்கமென்று கொள்வார். சொல்பவர் வாக்குறுதிக்குள் ஒளிந்துகொள்ளலாம்.

குழுவின் முன் அதைச் சொன்னேன். வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே கேட்டார்: "நேத்து லைப்ரரியிலேர்ந்து எத்தனை மணிக்கும்மா கிளம்பினே?"

இறந்தகாலத்தில் ஒளிய இடமில்லை. துறைத்தலைவி கதவருகே நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணரைக்கே பூட்டிட்டாங்க, சார்."

தாழ்வாரத்தில் துறைத்தலைவி திட்டவில்லை. "நல்லா மாட்டிவிட்டே," என்று மட்டும் சொன்னார்.

அடுத்த வாரமே முதல்வரின் உத்தரவு வந்தது: நூலகம் இனி ஆறு வரை இயங்கும், கூடுதல் ஆள் கிடையாது.

"கேட்டவளே உக்காரட்டும்னுட்டார்மா. மாணவர் பங்கேற்புன்னு அறிக்கையில போட்டுக்கலாமாம்," என்று துறைத்தலைவி சாவியை என் கையில் வைத்தார்.

இப்போது மூன்றரைக்கு நூலகர் எழுந்துபோக, அவருடைய நாற்காலியில் நான் அமர்கிறேன். முத்திரை குத்துகிறேன், திரும்பி வந்த நூல்களை அடுக்குகிறேன், பேசுவோரை அடக்குகிறேன். பருவத் தேர்வு நெருங்கிவிட்டது. என் புத்தகம் மேசையில் அதே பக்கத்தில் கவிழ்ந்து கிடக்கிறது. நேற்று முதலாண்டு மாணவி ஒருத்தி வந்து, "மேடம், கெமிஸ்ட்ரி எந்த ரேக்குல இருக்கு?" என்றாள். நான் மேடம் இல்லை என்று திருத்த நினைத்தேன். அதற்குள் அவளுக்குப் பின்னால் இன்னும் இருவர் வந்து நின்றுவிட்டார்கள். ரேக்கைக் காட்ட எழுந்து போனேன்.