அத்தான் எழுதாமல் விட்ட பெயர்

என் அக்கா வீட்டுக்காரரைப் போல ஒரு பிடிவாதக்காரரை நான் கண்டதில்லை. இருபத்திரண்டு வருடம் ஒரே மேசை, ஒரே நாற்காலி. கிறிஸ்தவ வேதத்தைப் புதிதாக மொழிபெயர்க்கும் குழுவில் அவருடைய பொறுப்பு, கடவுளின் ஆட்சியைச் சொல்லும் பட்டங்கள். எபிரேயத்தில் அதோனாய் என்று வந்தால் என்ன எழுதுவது, ஷத்தாய் என்று வந்தால் என்ன எழுதுவது, கிரேக்கத்தில் தெஸ்பொத்தேஸ் என்பதற்கு 'எஜமான்' போதுமா, பந்தொக்ராத்தோருக்கு 'எல்லாம் வல்லவர்' சரியா என்று அட்டை அட்டையாக எழுதி அடுக்கி வைத்திருப்பார். ஒரே ஒரு சொல்லுக்காக ஒன்பது மாதம் மண்டையை உடைத்துக்கொண்ட மனுஷன் அவர்.

"கடவுளே நேர்ல வந்தாக்கூட, எந்த வசனத்துலேர்ந்து வரீங்கன்னு கேப்பீங்க அத்தான்," என்று கிண்டல் செய்வேன்.

"கேக்கத்தானே வேணும்," என்பார், சிரிக்காமல்.

அதே அலுவலகத்தில் எனக்குத் தட்டச்சு வேலை. அவர் சிபாரிசில் கிடைத்தது. அதற்காகவே அவரை நான் திட்டாத நாள் கிடையாது.

எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு. ஒரு பகுதி முடிந்ததும், குழுவில் இல்லாத ஒருவருக்கு அதை வாசித்துக் காட்டுவோம். பிறகு தாளை மூடிவிட்டு, கேட்டதை அவருடைய பேச்சிலேயே திருப்பிச் சொல்லச் சொல்வோம். அவருக்குப் புரிந்தது எது, புரியாதது எது என்று அதில் தெரிந்துவிடும். எங்களுக்கு வாய்த்த நல்ல காது அக்காதான். வாரம் ஒரு சாயங்காலம் காய் நறுக்கிக்கொண்டே கேட்பாள். அவர்கள் மகள் நடுவில் புகுந்து, "அப்பா, சத்தியமா இது யாருக்கும் புரியாது," என்பாள்.

அந்த மகள் பத்தொன்பது வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். ஆறே நாள். அதோடு அக்கா ஜெபத்தை விட்டாள், ஆலயத்தை விட்டாள், அத்தானின் வேலையைப் பற்றிக் கேட்பதையும் விட்டாள். தண்ணீர் வேண்டுமா, கதவைச் சாத்தட்டுமா என்பதற்கு மேல் அந்த வீட்டில் பேச்சே இல்லை. மகளைப் பற்றி இருவரும் வாயே திறக்கவில்லை. இரண்டு வருடம்!

அப்போதுதான் வேதத்தில் வரும் ஒரு விதவையின் கதை அத்தான் கைக்கு வந்தது. புருஷனையும் இரண்டு மகன்களையும் பறிகொடுத்துவிட்டு வெறுங்கையோடு சொந்த ஊர் திரும்புகிறவள். தன் வாழ்க்கையைக் கசப்பாக்கியது ஷத்தாய்தான், அந்த எல்லாம் வல்லவர்தான் என்று ஊர்ப் பெண்களிடம் பட்டத்தைச் சொல்லியே குற்றம் சாட்டுகிறவள். பழையபடி கேட்டுச் சொல்வாயா என்று அத்தான் தயங்கித் தயங்கி அக்காவைக் கேட்டார். அவள் "சரி" என்றாள்.

"இதை வச்சாவது உங்க அக்கா பழையபடி பேசுவாளான்னு பாக்கறேன்டா," என்றார் என்னிடம்.

ஆனால் அவர் தட்டச்சுக்குக் கொடுத்த தாளில் அந்தப் பட்டம் இல்லை. 'என் வாழ்க்கை கசந்துபோயிற்று' என்று மட்டும் இருந்தது.

"அத்தான், ஷத்தாய் எங்க?"

"அதைப் போய் உங்க அக்கா காதுல போடச் சொல்றியா? வெந்த புண்ணுல வேல் பாய்ச்சற மாதிரி! அப்புறமா சேத்துக்கலாம்."

இத்தனை வருடத்தில் அவர் ஒரு பட்டத்தை விட்டது அதுதான் முதல் தடவை. நானும் வாயை மூடிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் வாசித்து முடித்துத் தாளை மூடினார். அக்கா கத்தியைக் கீழே வைத்தாள்.

"புருஷன், பிள்ளைங்க எல்லாரும் போயி ஒருத்தி தனியா வந்து நிக்கிறா. என் வாழ்க்கை கசந்து போச்சுங்கறா." மூடின தாளைப் பார்த்தாள். "அவ்வளவுதானா? யாரு பண்ணினதுன்னு அவ சொல்லவே இல்லையா?"

அத்தானுக்குப் பொய் வராது. "சொன்னா."

"யாருன்னு?"

"எல்லாம் வல்லவர்னு."

"வேதத்துலயே இருக்கா அது?"

"இருக்கு. நான்தான் விட்டுட்டேன். உனக்கு வலிக்குமேன்னு..."

"ரெண்டு வருஷமா உலகத்துல நான் ஒருத்திதான் இப்படி நினைக்கிறேன்னு இருந்தேங்க. வெளியில சொன்னா பாவம்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். அதே வார்த்தை உங்க மேசையிலயே இருந்திருக்கு." அத்தானை நேராகப் பார்த்தாள். "அதுக்கு அவர் என்ன பதில் சொன்னார்?"

"அந்த இடத்துல ஒண்ணும் சொல்லல."

"அவரே அவ சொன்னதை வேதத்துலேர்ந்து அடிக்காம விட்டிருக்கார். நீங்க அடிச்சிட்டீங்களே."

அத்தான் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். மகள் செத்த வீட்டில்கூட அழாத மனுஷன். எனக்கும் தாங்கவில்லை. அக்கா எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"கடைசி நாள் நீங்க மருந்து வாங்கப் போயிருந்தீங்க," என்றாள். "அப்போ அவ கண்ணு முழிச்சா. அப்பா எங்கம்மான்னு கேட்டா. இதோ வந்துடுவார்னு சொன்னேன். சரி, அவர் வர்ற வரைக்கும் நான் முழிச்சிருக்கேன்னு சொன்னா."

அத்தானுக்கு அது தெரியாது. இரண்டு வருடமாக அவருக்கு அதை யாரும் சொல்லியிருக்கவில்லை.