பர்மாத் தேக்கின் டன் கணக்கு

லண்டனில் எனக்குக் கிடைத்த முதல் மேசை வேலை, மர வியாபாரிகளுக்காக மாதம் ஒரு முறை வரும் சிறு பத்திரிகை ஒன்றில். எண்பதுகளின் கடைசியில் தாய்லாந்து தன் காடுகளில் மரம் வெட்டத் தடை போட்டிருந்தது. ஆனாலும் அங்கே மரம் அரியும் ஆலைகள் நிற்கவில்லை. எல்லைக்கு அப்பால் பர்மாவிலிருந்து தேக்கு வந்துகொண்டிருந்தது. எவ்வளவு வருகிறது, கூடுகிறதா குறைகிறதா என்று இரண்டு நாட்டுக் கணக்குகளையும் அருகருகே வைத்துப் பார்த்து எழுதுவது என் வேலை. ஆறு மாதம் பார்த்துவிட்டு, வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று முடிவு செய்வதாக ஆசிரியர் சொல்லியிருந்தார். இது ஐந்தாம் மாதம் நடந்தது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். தென் லண்டனில், தோர்ண்டன் ஹீத்தில் எங்கள் வீட்டுக்கு வரும் கடிதம் எல்லாவற்றையும் நான்தான் வாசிப்பேன். பிறகு பக்கத்து வீட்டாரும் தங்கள் கடிதங்களைக் கொண்டுவரத் தொடங்கினார்கள். குரோய்டன் குடிவரவு அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தை நீட்டிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பவர்களிடம் ‘தெரியாது’ என்று சொல்ல முடியாது. பாதி விளங்கினாலும் முழுதும் விளங்கியதுபோலச் சொல்லப் பழகிவிட்டேன். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

அந்தப் பழக்கத்தோடுதான் அலுவலகத்துக்கும் போனேன். பர்மாக் கணக்கின் தலைப்பில் ‘எச். டன்’ என்று போட்டிருந்தது. அந்த ‘எச்’ என்னவென்று நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் இவளுக்குத் தெரியாது என்று தெரிந்துவிடுமே. மரத்தில் ஒரு டன் ஏறத்தாழ ஒரு கனமீற்றர் என்று எங்கேயோ வாசித்திருந்தேன். தாய்லாந்துக் கணக்கு கனமீற்றரில் இருந்தது. இரண்டையும் அப்படியே ஒப்பிட்டேன். பர்மா அனுப்பியதாகச் சொல்வதைவிடத் தாய்லாந்தில் வந்து இறங்கியது ஏறக்குறைய இரண்டு மடங்கு. மிச்சம் கள்ளமாக வந்த மரம் என்று எழுதிக் கொடுத்தேன்.

ஆசிரியர் துள்ளினார். அவர் நாளிதழிலிருந்து வந்தவர், மரத்தைக் கதவாகவும் கதிரையாகவும் மட்டுமே பார்த்தவர். முதல் பக்கத்தில் என் பெயரோடு போடுவோம், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகும் என்றார். அன்று புதன்கிழமை.

வீட்டில் சொன்னேன். அப்பா சும்மா இருப்பாரா? அடுத்த நாள் காலை ரயிலுக்குப் போகும்போது பலசரக்குக் கடைக்காரர் வாசலில் நின்று மறித்தார்.

“என்ன பிள்ளை, பர்மாக் கள்ளரைப் பிடிச்சிட்டியாம்? என்ரை கடையிலை ரின்னிலை அடைச்ச பிலாக்காயைக் களவெடுக்கிறவனையும் ஒருக்காப் பிடிச்சுத் தாவன்.”

“முதல்லை பெரிய கள்ளர், அண்ணை. பிறகு உங்கடை ஆளைப் பாக்கிறன்” என்று சொல்லிவிட்டு நிமிர்ந்து நடந்தேன்.

அன்று பத்து மணிக்குக் கட்டுரைக்கு வரைபடம் போட உட்கார்ந்தேன். தாய்லாந்துக் கோடு மேலே, பர்மாக் கோடு கீழே. வரைய வரைய என் கை மெதுவானது. ஒவ்வொரு மாதமும் தாய்லாந்துக் கணக்கு மற்றதைப்போல ஒன்றே முக்கால் மடங்குக்குச் சற்று மேலே நின்றது. மழை மாதத்திலும் அதே, வெயில் மாதத்திலும் அதே. எந்தக் கள்ளன் மாதாமாதம் ஒரே விகிதத்தில் கடத்துவான்?

கணக்குப் பிரிவில் காரைக்குடிப் பக்கத்து அக்கா ஒருவர் இருந்தார். அவருடைய குடும்பம் ரங்கூனிலிருந்து திரும்பி வந்தது என்று ஒருநாள் தேநீர் குடிக்கும்போது சொல்லியிருந்தார். தாளை எடுத்துக்கொண்டு போனேன்.

“அக்கா, இந்த எச் என்னெண்டு உங்களுக்குத் தெரியுமோ?”

“ஹொப்பஸ் டன். அஞ்சு மாசமா இது தெரியாமலா உக்காந்திருக்கே?”

“ஓம்.”

“நல்லா ‘ஓம்’ போடு! எங்கப்பா மரமில்லுல அளவு பாத்தவரு. மரத்த சுத்தி கயிறு போட்டு, அதை நாலா மடிச்சு, அந்த நீளத்துக்கு ஒரு சதுரம்னு கணக்கு வைப்பாங்க. அறுக்கறப்போ வீணாப்போறதை அதுலயே கழிச்சாச்சு. ஒரு ஹொப்பஸ் டன்னுன்னா உன்னோட கனமீட்டர்ல ஒண்ணு புள்ளி எட்டு வரும்.”

ஒன்று புள்ளி எட்டு. என் கள்ளர் எல்லோரும் அந்தப் புள்ளிக்குள் போய் மறைந்துவிட்டார்கள்.

“சொல்லிட்டியா அவர்கிட்ட?” என்றார் அக்கா.

“இனித்தான். வேலை போனாலும் போகும்.”

“அச்சாயிடுச்சுன்னா கண்டிப்பாப் போகும். படிக்கிறவங்க பூரா மரக்காரங்க. போ, போ.”

ஆசிரியரின் அறைக்குள் நின்றுகொண்டே சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். யார் கண்டுபிடித்தது என்று கேட்டார். விகிதத்தைக் கண்டது நான், அளவைச் சொன்னது கணக்குப் பிரிவு என்றேன். ஏன் முதலிலேயே கேட்கவில்லை என்றார். கேட்க வெட்கமாக இருந்தது என்றேன். ஆங்கிலத்தில் அதைச் சொல்வது இன்னும் வெட்கமாக இருந்தது. அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, அப்படியானால் உண்மையில் நடப்பது என்ன, நாளை மதியத்துக்குள் எழுதிக் கொடு என்றார்.

திருத்தி வரைந்தபோது இரண்டு கோடுகளும் கிட்டத்தட்ட ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. இரண்டும் ஏறிக்கொண்டே போயின. கள்ளரை மறந்துவிட்டு அதைத்தான் எழுதினேன். ஒரு நாடு தன் காட்டில் கோடரியைக் கீழே வைத்தது, அதன் ஆலைகளின் பசி அப்படியே பக்கத்து நாட்டுக்குப் போனது, தடைக்குப் பிறகு தேக்கு வியாபாரம் குறையவில்லை, பாதைதான் மாறியது என்று. இது மூன்றாம் பக்கத்தில் வந்தது, பெயரில்லாமல்.

அப்பாவுக்குத்தான் பெரிய ஏமாற்றம். “அப்ப ஒரு கள்ளனும் இல்லையோ? நான் கடையிலை எல்லாருக்குமல்லோ சொல்லிப்போட்டன்” என்றார். “போய் மாத்திச் சொல்லுங்கோ. நானும் அதைத்தான் செய்தனான்” என்றேன்.

திங்கட்கிழமை என் மேசையில் மலேசியக் கோப்பும் இந்தோனேசியக் கோப்பும் கிடந்தன. அவற்றையும் இனி நீயே பார், ஆறாம் மாதம் வரை காத்திருக்கத் தேவையில்லை என்று ஆசிரியர் நடந்துகொண்டே சொல்லிவிட்டுப் போனார். முதல் தாளைத் திறந்தேன். எனக்குத் தெரியாத மரப் பெயர்கள் ஏழு இருந்தன. ஏழையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டு, யாரிடம் கேட்கலாம் என்று எழுந்தேன்.