மின்விசிறிக்கு அடியில் ஒரு குதிரை

திருமண ஊர்வலத்துக்குக் குதிரை அனுப்பும் தொழிலில், நாள் குறிப்பவர்கள் மணமகன் வீட்டார். அன்று நடக்கப்போவதைத் தீர்மானிப்பது குதிரை. வீட்டில் குதிரை வைத்திருப்போர் இதைப் படித்துப் பெருமூச்சு விடுவார்கள். மற்றவர்கள் நம்ப வேண்டியதில்லை.

அருப்புக்கோட்டையில் எங்கள் வீட்டுக் கொட்டிலில் நிற்பது ஒரு செவலைப் பெண்குதிரை. என் கணவர் அதைக் குட்டியாக வாங்கித் தாமே பழக்கினார். மேளம் ஒலித்தால் நடக்கும். மேளம் நின்றால் வேலை முடிந்ததென்று வீட்டுப் பக்கம் திரும்பிவிடும். அதற்குத் தெரிந்த ஒழுங்கு அவ்வளவே. பணிக்காலம் முழுவதும் பள்ளியில் இலக்கணம் நடத்திய எனக்கு அது போதவில்லை.

கூடத்தில் விருந்தாளி

கொட்டில் தாழ்ப்பாளைப் பல்லால் நீக்க அது கற்றுக்கொண்டிருந்ததை நான் அறியேன். சித்திரை மாதத்து முற்பகலில் குளித்துவிட்டு வந்தபோது, கூடத்தில், சுழலும் மின்விசிறிக்கு நேர் அடியில், கண்களை மூடி நின்றுகொண்டிருந்தது. துடைத்த தரை முழுவதும் குளம்புத் தடம். மின்சாரக் கணக்கெடுக்க வந்தவர் ஒரு செருப்பைக் கழற்றிய நிலையில் வாசலில் உறைந்து நின்றார். பிறகு மிகத் தாழ்ந்த குரலில் சொன்னார்:

“டீச்சர், நான் அப்புறமா வாரேன். அவுக தூங்கட்டும்.”

பந்தல்குடி வாழைமரம்

இன்னொரு முறை இப்படி நேர்ந்தால் குதிரையை விற்றுவிட வேண்டும் என்று அன்றே கணவரிடம் சொன்னேன். அவர் மறுக்கவில்லை, மதியம் உண்ணவும் இல்லை.

அந்த இன்னொரு முறை பந்தல்குடியில் நேர்ந்தது. ஆரத்தி எடுக்கும் பெண்கள் குதிரைக்கும் ஒரு பழம் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அன்று மறந்துவிட்டார்கள். மண்டப வாசலில் கட்டியிருந்த வாழைமரத்தைக் குதிரை பார்த்தது. மாப்பிள்ளை கடிவாளத்தை இழுக்க இழுக்க, இலையைத் தின்று, பூவைத் தின்று, தாரிலும் வாய் வைத்தது. பெண்ணின் தந்தை வெளிறிப்போனார். குதிரையோடு வந்திருந்த நான் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன். மாப்பிள்ளையின் தாய்மாமன் பக்கத்திலிருந்த பங்காளியிடம் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது:

“ஏலே, பொண்ணு வீட்டுக்காரவுக இன்னும் பந்திக்கே கூப்பிடல. நம்ம குதிர மொய்யும் வைக்காம சாப்பிட்டு முடிச்சிருச்சு.”

மேளத்தோடு வழியனுப்பு

குதிரையை வாங்க வந்தவர் மல்லாங்கிணற்று விவசாயி; எங்கள் பக்கத்துப் பேச்சில் சம்சாரி. லோடு வண்டியோடு வந்தார். என் கணவர் கொல்லைப்புறம் போய், ஏற்கெனவே நிரம்பியிருந்த தொட்டியில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். வண்டியில் ஏறுவதற்காகச் சாய்த்து வைத்த பலகையில் கால் வைக்கக் குதிரை மறுத்தது. சம்சாரி கெஞ்சினார், வெல்லம் காட்டினார், பின்னாலிருந்து தள்ளியும் பார்த்தார். எதையும் முறைப்படி செய்தால் நடக்கும் என்று சொல்லி, அடுத்த தெருத் தவில்காரரை நானே அழைத்துவந்தேன். முதல் அடி விழுந்ததும் குதிரை தலை நிமிர்ந்து, மணமகனைச் சுமப்பது போலப் பலகையேறி வண்டிக்குள் நின்றது. கொல்லையில் தொட்டி வழியும் ஓசை கேட்டது. என் திட்டம் பலித்துவிட்டது; நான் ஏனோ கொல்லைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பின்கதவைச் சாத்துவதற்குள், வியர்வையைத் துடைக்கத் தவில்காரர் குச்சியைக் கீழே வைத்தார். மேளம் நின்றது. குதிரை திரும்பிப் பலகையில் இறங்கி, எங்களைக் கடந்து, வாசற்படி ஏறி, கூடத்துக்குள் சென்றது. தவில்காரர் மறுபடி குச்சியை எடுத்தார்.

“போதும்” என்றேன்.

அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்தது எனக்கே அதிர்ச்சி. சம்சாரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“டீச்சரம்மா, மல்லாங்கிணறு வரைக்கும் மேளம் அடிச்சுக்கிட்டே போக ஏலாது. அங்க வந்தும் அவுகளுக்கு ஃபேனு வேணும்பாக. எங்க வீட்டுல எனக்கே இல்ல.”

கூடத்து நாற்காலியைச் சுவரோரம் நகர்த்திப் போட்டுக்கொள்ளப் பழகிவிட்டால், வீட்டில் குதிரை வளர்ப்போருக்கும் மின்விசிறிக் காற்று ஓரளவு கிடைக்கவே செய்கிறது.